பெரிய துவக்கா, சரியான இடமா? எல்க் வேட்டைக்கு வாங்கும் முன்

விசையை இழுத்தேன். "கிளிக்" என்று மட்டும் கேட்டது. வெடிக்கவில்லை. ஆனால் கண் இறுக மூடியிருந்தது, வலது தோள் முன்னுக்குப் போயிருந்தது, துவக்கின் வாய் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. வராத வெடிக்கு என் உடம்பு முழுவதும் தயாராகி நின்றது.

எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகிவைத்தவர் எங்கள் வேட்டைக்குழுத் தலைவர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. போன வருடம் நான் சுட்ட அந்த எல்க் மானுக்கு ஏன் வயிற்றில் பட்டது என்று இப்போது விளங்குகிறதா என்று மட்டும் கேட்டார்.

விளங்கியது. துவக்கின் வாய் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் நூறு மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மீற்றர் தாழும். வெடி கிளம்பும் கணத்தில் அந்த ஒரு சென்ரிமீற்றரில் கால்வாசி அசைந்தாலே நெஞ்சுக்குக் குறிவைத்தது வேறெங்கோ போய்விடும்.

என் கையில் இருந்தது .300 வின்செஸ்டர் மேக்னம், மருந்து கூடிய தோட்டாவைச் சுடும், பலமாக உதைக்கும் துவக்கு. நோர்வேயில் வேட்டைப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வாங்கியது. "எல்க் பெரிய விலங்கு, பெரிய துவக்குத்தான் வேண்டும்" என்றார் கடையில் நின்றவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வன்னியில் பெரியப்பா இடியன் துவக்கோடு மரைக்கும் பன்றிக்கும் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மரையைவிட எல்க் இரண்டு மடங்கு கனம், ஆகவே துவக்கும் அதற்கேற்றபடி இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன். பெரியப்பாவின் கதைகளில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். இடியனை ஒருமுறை வெடித்தால் திரும்ப இடித்து நிரப்ப நேரம் போகும் என்பதால், அவர் மணித்தியாலக் கணக்கில் தவழ்ந்து கிட்டப் போய், முன்னங்கால் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் வெடி வைப்பார்.

இந்த ஆண்டு பரீட்சை முடித்த நம்மவர் இருவர் அடுத்தடுத்த வாரங்களில் ஒரே கேள்வியோடு தொலைபேசி எடுத்தார்கள்: எந்தக் கலிபர் வாங்கலாம்? (கலிபர் என்பது குழலின் உள்விட்டம். .300 போல் புள்ளியில் தொடங்கினால் அங்குலக் கணக்கு, 6.5 போன்றவை மில்லிமீற்றர்.) தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 6.5×55 தோட்டாவின் சன்னம் 6.7 மில்லிமீற்றர் தடிப்பு. 9.3×62 சன்னம் 9.3 மில்லிமீற்றர். இங்கே எல்குக்கு எடுத்துப்போகும் சாதாரணத் துவக்குகளில் ஒன்று மெல்லிய கோடி, மற்றது தடித்த கோடி. இரண்டுக்கும் வித்தியாசம் 2.6 மில்லிமீற்றர். அதாவது தடித்த சன்னம் ஒவ்வொரு பக்கத்திலும் 1.3 மில்லிமீற்றர் கூடுதலாகத் தொடும். சன்னம் உள்ளே போய் விரியும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் கூடும், அதுவும் சில மில்லிமீற்றர்தான். உதைக்குப் பயந்து இழுக்கும் விசை சன்னத்தை எவ்வளவு தள்ளிப்போடும்? என் விடயத்தில் நாற்பது சென்ரிமீற்றர்.

அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். எண்பது மீற்றரில் சதுப்பு நிலத்தில் எல்க் பக்கவாட்டாக நின்றது. அதைவிட நல்ல நிலை கிடைக்காது. சுட்டதும் முதுகை வளைத்துக் குறுகியது, ஓடவில்லை, மெதுவாக நடந்து ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் மறைந்தது. முதுகை வளைத்துக்கொண்டு நடந்தால் வயிறு. அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், ஆனாலும் தவறவிட்டேனோ என்ற நம்பிக்கையில் போய்ப் பார்த்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் கிடக்கும். ஈரலானால் கடும் சிவப்பு. நான் குனிந்து எடுத்தது வெளிறிய மயிர் ஒரு கொத்தும், பச்சையாக மென்ற தீனி கலந்த ஈரமும். மணத்தை எழுதத் தேவையில்லை. உடனே பின்தொடர்ந்தால் விலங்கு இன்னும் தூரம் போய்விடும் என்பதால் குழுத்தலைவர் எங்களை உட்காரவைத்தார். கை நடுங்கியதில் தேநீரைச் சிந்திச் சிந்தித்தான் குடித்தேன். பிறகு நாய் வந்தது. இங்கே எல்க் வேட்டைக்குப் போகும் குழுவுக்குத் தேடல் பயிற்சி பெற்ற, அங்கீகரிக்கப்பட்ட நாய் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மணித்தியாலம், இரண்டு கிலோமீற்றர். முடித்துவைத்தவர் நாயின் சொந்தக்காரர்.

நாலாயிரத்து எழுநூறு ஜூல் சக்தியுள்ள துவக்கு. அது வயிற்றில் பட்டால் வயிற்றில் பட்டதுதான்.

விலங்கு எப்படிச் சாகிறது என்று யோசித்தால் இது வியப்பல்ல. மூளையோ முதுகுத்தண்டோ தவிர்ந்த எந்த இடத்தில் பட்டாலும், இரத்த அழுத்தம் விழுந்து மூளைக்கு ஒட்சிசன் நின்ற பிறகுதான் விலங்கு விழும். இதயம் கிழிந்த விலங்கும் பத்து விநாடிக்கு மேல் ஓடலாம். பெரிய சன்னம் அந்தப் பத்து விநாடியைப் பூச்சியம் ஆக்குவதில்லை. "அடித்ததும் சுருண்டு விழுந்தது" என்ற கதைகளில் பெரும்பாலானவை எலும்போ நரம்போ பற்றிய கதைகள், கலிபர் பற்றியவை அல்ல.

இதை எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் தென் கரோலினா மாநில இயற்கை வளத் துறையின் உயிரியலாளர் சார்லஸ் ரூத், ஒரே வேட்டைக் கழகத்தின் நிலத்தில் சுடப்பட்ட 493 வெண்வால் மான்களைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தார். தோளில் பட்டவை சராசரியாக 3 யார் (ஒரு யார் மூன்று அடி) தூரத்துக்குள் விழுந்தன. இதயத்தில் பட்டவை 39 யார், நுரையீரலில் பட்டவை 50 யார் ஓடின. கலிபர் வாரியாகப் பிரித்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சன்னத்தின் தன்மையில்தான் வித்தியாசம் தெரிந்தது: மென்மையானவை, அதாவது எளிதில் விரிபவை, விலங்கைக் கிட்டவே விழுத்தின. வெண்வால் மான் எல்கோடு ஒப்பிட ஆட்டுக்குட்டி மாதிரி, அதனால் இந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரிகிறது.

பிறகு ஏன் "பெரிய துவக்கு" என்ற எண்ணம் இவ்வளவு வேரூன்றியது? அதற்கு ஒரு காலம் இருந்தது, அந்தக் காலத்தில் அது சரியும்கூட. கரிமருந்துத் துவக்கில் சன்னத்தின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. ஆழமாகப் போகவேண்டுமானால் கனத்தைக் கூட்டவேண்டும், கனத்தைக் கூட்டினால் தடிப்பும் கூடும். 1848-இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் இலங்கைக் காடுகளில் யானைகளுக்குப் பின்னால் திரிந்தவர். பெரிய துவக்குக்கு அவரைவிடப் பெரிய வழக்கறிஞர் கிடையாது. பின்னாளில் ஆபிரிக்காவுக்கு அவர் கொண்டுபோன ஒன்று அரை இறாத்தல் குண்டைப் போடும். அதற்குச் செல்லப்பெயர் "குழந்தை". சுடும்போதெல்லாம் அது தன்னைச் சுழற்றிவிடும், அதைச் சுடத் தனக்கே பயம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பேக்கர் மாதிரி மலைபோன்ற ஆளுக்கே இந்த நிலை.

1886-இல் பிரெஞ்சுப் படை புகையில்லா மருந்துக்கு மாறியதும் இந்தக் கணக்கு தலைகீழானது. மெல்லிய, நீண்ட, வேகமான சன்னம் தடித்த ஈயக்குண்டைவிட ஆழமாகவும் நேராகவும் போனது. இதன் எல்லையைத் தொட்டுப்பார்த்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல். உகண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜாவில் திரிந்ததால் "கரமோஜோ பெல்" என்று பெயர் பெற்றவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு .275 ரிக்பி, அதாவது 7×57 மவுசர். நம் ஊரில் மானுக்கே போதுமா என்று கேட்பார்கள். செத்த யானையின் மண்டையை அறுத்து, மூளை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். முழு உலோக உறை போட்ட, விரியாத சன்னம் மட்டும் பாவித்தார்.

பெல்லைக் காட்டி "சின்னத் துவக்குப் போதும்" என்று வாதாடுகிறவர்களும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். வேட்டைக்காரரைக் கண்டு பழகாத கூட்டங்களை, கிட்டப் போய், நிதானமாகச் சுட்டவர் அவர். யானையின் மண்டையை அவர் அளவுக்குப் படித்த ஒருவர் வருடத்துக்கு ஒரு வாரம் காட்டுக்குப் போகும் நம்மில் கிடையாது. இன்னொரு கதையும் சுற்றிவரும்: 1953-இல் கனடாவின் அல்பேட்டாவில் பெல்லா ட்வின் என்ற கிரீ இனப் பெண்மணி, .22 துவக்கால் ஒரு பெரும் கிரிஸ்லி கரடியைக் கொன்றது. உண்மைதான். அவருக்கு அப்போது 63 வயது. ஆனால் தலையின் பக்கவாட்டில் முதல் வெடி வைத்துக் கரடி விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை, திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டார். கையில் அதுதான் இருந்தது, அதனால் அதைப் பாவித்தார். கடைக்குப் போகும்போது எடுத்துப்போகவேண்டிய ஆதாரம் அல்ல அது.

அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு இரண்டு முகங்கள் உண்டு. 1925-இல் வந்த .270 வின்செஸ்டரின் புகழ்பாடியவர் வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கோனர். .33-க்குக் கீழே எதையும் பெரிய விலங்குக்கு மதிக்காதவர் இன்னொரு வேட்டை எழுத்தாளரான எல்மர் கீத். இருவரும் பல ஆண்டுகள் ஐடஹோ என்ற ஒரே மாநிலத்தில் வாழ்ந்துகொண்டே பத்திரிகைகளில் குத்திக்கொண்டார்கள். நான் இருவரையும் வாசித்து வந்த முடிவு, அவர்கள் வேறுவேறு வெடிகளைப் பற்றிப் பேசினார்கள் என்பதுதான். ஓ'கோனரின் மனதில் இருந்தது மலையாடு: அமர்ந்து, மூச்சடக்கி, பக்கவாட்டாக நிற்கும்வரை காத்திருந்து வைக்கும் வெடி. கீத்தின் மனதில் இருந்தது அடர்ந்த மரங்களுக்குள் பின்பக்கத்தைக் காட்டி ஓடும் வபிட்டி என்ற பெரிய மான், அதுவும் வழிகாட்டியாக அவர் கூட்டிப்போன வாடிக்கையாளர் ஏற்கெனவே காயப்படுத்திவிட்ட வபிட்டி. பின்னந்தொடையிலிருந்து நெஞ்சுவரை சன்னம் போய்ச்சேர வேண்டுமென்றால் கனம் தேவைதான். (வட அமெரிக்காவில் எல்க் என்றால் வபிட்டி, நம்முடைய எல்குக்கு அங்கே மூஸ் என்று பெயர். அமெரிக்கர் எழுதியதை வாசித்துவிட்டுத் துவக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.)

ஆகவே நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி எந்தக் கலிபர் என்பது அல்ல, எந்த மாதிரி வெடியை வைக்க மறுப்பேன் என்பது. பின்பக்கம் காட்டும் எல்குக்குச் சுடமாட்டேன் என்று முடிவெடுத்தால் கீத்தின் வாதத்தில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

மீதிப் பாதியைச் சன்னத்தின் தரம் பார்த்துக்கொள்ளும். 1946-இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மேக்னத்தோடு மூஸ் வேட்டைக்குப் போனார். சேறு அப்பிக் காய்ந்த தோளில் சன்னங்கள் மேலேயே சிதறின, உள்ளே போகவில்லை. சக்திக்குக் குறைவில்லை. வேகம் கூடியதுதான் சன்னத்தை உடைத்தது. திரும்பிவந்து, நடுவில் உலோகத் தடுப்பு வைத்த சன்னத்தை உருவாக்கினார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் போய்க்கொண்டேயிருக்கும். பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. கலிபரை ஒரு படி ஏற்றச் செலவழிக்கும் காசை நல்ல சன்னத்தில் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கலிபரே ஜெயிக்கும் இடமும் உண்டு. எதிர்த்து வரும் விலங்கு. ஆபிரிக்கக் காட்டெருமைக்கும் யானைக்கும் குறைந்தது 5,400 ஜூல் வேண்டும் என்று நமீபியா சட்டம் வைத்திருக்கிறது. .375 தான் குறைந்தபட்சம் என்ற வழக்கம் ஆபிரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. காயம்பட்ட எருமை பத்து மீற்றரில் புதருக்குள்ளிருந்து வரும்போது நுரையீரலில் வைத்துவிட்டு அரை நிமிடம் காத்திருக்க முடியாது. எலும்பை உடைத்து நிறுத்தவேண்டும். அங்கே "இடம் சரியாக இருந்தால் போதும்" என்று வாதாடுகிறவருக்குப் பின்னால் நான் நிற்கமாட்டேன். எல்க் பொதுவாக அப்படி வராது.

எல்குக்கு எங்கே வைப்பது? முன்னங்காலின் பின்னோரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள். வயிற்றுக் கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அதைச் சுற்றி ஒரு சுளகளவு இடம் நுரையீரல். புதியவர்கள் மேலே சுடுவதற்குத் திமில்தான் காரணம். திமில் மயிரும் எலும்பு முட்களுமாக உயர்ந்து நிற்பதால் உடம்பின் நடுவைக் கண் தவறாக எடுத்துவிடும். முதுகுத்தண்டுக்கு மேலே அந்த முட்களில் பட்டால் எல்க் தடாலென்று விழும். நீங்கள் கைகொடுத்து மகிழும் நேரத்தில் எழுந்து போய்விடும். ஆகவே விழுந்தாலும் அடுத்த தோட்டா குழலுக்குள் இருக்கட்டும். அது காலில் நிற்கும் மட்டும் சுட்டுக்கொண்டே இருங்கள். நல்ல இடத்தில் பட்ட எல்கும் ஒன்றும் நடக்காததுபோல் நின்று பார்க்கும் விலங்கு.

இனித் துவக்குகள். நோர்வே சட்டம் எல்குக்குக் குறைந்தது 9 கிராம் சன்னம் கேட்கிறது. 9 முதல் 10 கிராம்வரை என்றால் நூறு மீற்றரில் 2,700 ஜூல், 10 கிராமுக்கு மேல் என்றால் 2,200 ஜூல். 6.5×55 வைத்திருப்பவர்கள் 10.1 கிராம் சன்னத்தையே எடுப்பது இதனால்தான்.

இந்த ஆறரை, 1894-இல் நோர்வே இராணுவம் எடுத்த கிராக்-யோர்கென்சன் துவக்கின் காலத்திலிருந்து இங்கே இருக்கிறது. தாத்தாவின் ஆறரையோடு வருகிறவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. உதை என் பழைய மேக்னத்தில் ஏறக்குறையப் பாதி. நீண்ட சன்னம் ஆழமாகப் போகும். பக்கவாட்டாக நின்றால் மட்டும் சுடுவேன் என்ற ஒழுக்கம் உள்ளவருக்கு இதைவிட வேறு தேவையில்லை. ஈயம் வேண்டாம், செம்புச் சன்னம்தான் என்பவர் மட்டும் யோசிக்கவேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு நீளம் கூடும், ஆறரையில் அதற்கு இடம் நெருக்கடி.

.308 வின்செஸ்டரும் .30-06-உம் ஒரே சன்னத்தைத்தான் போடுகின்றன. பழையது .30-06, 1906-இலிருந்து இருக்கிறது. கொஞ்சம் வேகம் கூட, கொஞ்சம் உதை கூட. காட்டுக்குள் எண்பது மீற்றரில் நிற்கும் எல்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. .308-இல் குழலைக் குட்டையாக எடுக்கலாம், அதன் நுனியில் சத்தமடக்கி போட்டாலும் கிளைகளில் மாட்டாது. இங்கே சத்தமடக்கி சட்டப்படி சாதாரணப் பொருள். அது காதை மட்டுமல்ல தோளையும் காப்பாற்றும், வெருட்சியைப் பாதியாக்கும். தொலைபேசியில் கேட்ட இருவருக்கும் நான் சொன்னது இதுதான்: .308, சத்தமடக்கி, நல்ல சன்னம்.

9.3×62-ஐ 1905-இல் பெர்லினில் ஒட்டோ பொக் ஆபிரிக்காவுக்காக உருவாக்கினார். எனக்கு அதன்மேல் ஒரு ஆசை உண்டு. மெதுவான, கனத்த சன்னம், இறைச்சியைக் கூழாக்காது, வேகமான மேக்னம் போல் அறையாமல் தள்ளும். ஆனால் தள்ளுவதும் பலமாகத்தான் தள்ளும். நாலைந்து வருடம் போகட்டும், பிறகு பாருங்கள்.

.300 மேக்னம் தூரத்துக்கான துவக்கு. திறந்த மலையில் முந்நூறு மீற்றருக்குப் பயிற்சி உள்ளவர் வைத்திருக்கட்டும். ஸ்ப்ரூஸ் காட்டில் ஐம்பது மீற்றரில் தோளில் பட்டால், அந்தத் தோளில் சமைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். தோட்டா விலையும் கூட. விலை கூடினால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

வருடாந்தச் சுடும் பரீட்சையை நம்பி ஏமாறவேண்டாம். முப்பது பயிற்சி வெடி, பிறகு நூறு மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து. நான் மேக்னத்தோடு அதில் தேறினேன், வயிற்றில் வைத்ததும் அதே வருடம்தான். வாங்குவதற்கு முன் கழகத்தில் இரவல் கேளுங்கள், எவரும் மறுக்கமாட்டார்கள். தடித்த உடுப்போடு, நின்றபடி, ஒவ்வொன்றிலும் பத்து வெடி. நடுவில் போலித் தோட்டா போடச் சொல்லுங்கள். எந்தத் துவக்கில் "கிளிக்" வந்தபோது வாய் அசையவில்லையோ, அவற்றில் பெரியதை வாங்குங்கள். சிறியதை அல்ல, பெரியதை. அந்த அளவுக்குக் கலிபருக்கும் மரியாதை உண்டு.

என்னுடையதைப் போன வைகாசியில் விற்றேன். வாங்கியவர் தச்சுத் தொழிலாளி, நூற்றிப்பத்துக் கிலோ இருப்பார். பொலிஸ் அனுமதிப் பத்திரத்தோடு வந்தவர் முதலில் சுட்டுப்பார்க்கக் கேட்டார். உட்கார்ந்து ஐந்து வெடி வைத்தார். தோள் ஆடவேயில்லை. ஐந்தும் ஒரு தேநீர்ச் சாசருக்குள் இருந்தன. இவ்வளவு நல்ல துவக்கை ஏன் விற்கிறாய் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். மிச்சமிருந்த இரண்டு பெட்டித் தோட்டாவையும் சேர்த்துக் கொடுத்தேன். போலித் தோட்டாவை மட்டும் கொடுக்கவில்லை. என் .308-க்குள் அது போகாது, திறப்புக் கோர்வையில் தொங்குகிறது.